மரம்தான் முறிய வேண்டும்

பெண்ணைக் கட்டிக் கொடுத்த இடம் சீமையாக இருந்துவிட்டால் தகப்பனுக்கு ஒரு சங்கடம் உண்டு. போய்ப் பார்க்க ஆறு மாதம் விசா கொடுத்து விடுகிறார்கள். அந்த ஆறு மாதத்தை என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்து வரலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்க்கலாம். இரண்டையும் பதினைந்து நாளில் கற்றுத் தேர்ந்து விட்டேன். நானும் என் மனைவியும் யார்க்ஷயர் போய்ச் சேர்ந்தது அக்டோபர் கடைசி. டிசம்பர் பிறந்ததும் பகல் ஏழரை மணி நேரமாகக் குறுகிப் போயிற்று.

“சும்மா இருக்கிற நேரத்தில் ஒரு நாவல் எழுதுங்களேன், அப்பா” என்றாள் பெண்.

எனக்கு எழுத வேண்டுமானால் கொஞ்சம் சத்தம் வேண்டும். கீரைக்காரி கூவ வேண்டும். எதிர் வீட்டில் யாராவது யாரையாவது திட்ட வேண்டும். அந்தத் தெருவில் நாய் கூடக் குரைப்பதில்லை. இதைச் சொன்னேன். மாப்பிள்ளை சிரித்துவிட்டு, “அப்படியானால் சனிக்கிழமை என்னோடு கிளைடர் கிளப்புக்கு வாருங்கள், மாமா. ஒரு பழைய கிளைடரைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். அறுக்கிறார்கள், இழைக்கிறார்கள், தட்டுகிறார்கள். சத்தத்துக்குக் குறைவே இல்லை” என்றார்.

அப்படித்தான் நான் விமானம் கட்டுகிறவனானேன்.

கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். வடம் கட்டி மேலே இழுத்து விட்டுவிட்டால், பிறகு அது சறுக்கிக்கொண்டு இறங்கத்தான் வேண்டும். ஆனால் சூரிய வெப்பத்தால் சில இடங்களில் காற்று மேலே எழும்புகிறது. அந்தக் காற்றுக்குள் வட்டமடித்தால், விமானம் இறங்குவதைவிட வேகமாகக் காற்று அதை ஏற்றிக் கொண்டு போகும். நம் ஊர் ஏரிக்கரைமேல் பருந்து சிறகை அசைக்காமல் சுற்றுவது இந்த வித்தையால்தான்.

யார்க்ஷயருக்கும் இந்த வித்தைக்கும் பழைய பந்தம் உண்டு. ஸ்கார்பரோவுக்கு அருகே பிராம்ப்டன் என்று ஒரு கிராமம். கவி வோர்ட்ஸ்வொர்த் 1802-ல் கல்யாணம் செய்துகொண்டது அந்த ஊர்க் கோயிலில்தான். அந்தக் கிராமத்துப் பிரபு சர் ஜார்ஜ் கெய்லி 1853-ல் ஒரு கிளைடரைச் செய்து, பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் பறக்க விட்டார். உள்ளே உட்கார்ந்தவர் பிரபு அல்ல, அவருடைய வண்டிக்காரர். அப்போது கெய்லிக்கு வயது எண்பதை நெருங்கிக் கொண்டிருந்தது என்று சமாதானம் சொல்வார்கள். இறங்கியதும் அந்த வண்டிக்காரர், குதிரை ஓட்டத்தான் தன்னை வேலைக்கு வைத்தார்கள், பறப்பதற்கு அல்ல என்று கோபித்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டதாகக் கதை. என் அனுதாபம் முழுவதும் வண்டிக்காரர் பக்கம்.

எங்கள் கிளைடர் (ஒரு மாதத்துக்குள் ‘எங்கள்’ என்று சொல்ல ஆரம்பித்து விட்டேன்) ஸ்லிங்ஸ்பி டி.21 என்ற ஜாதி. ஃப்ரெட் ஸ்லிங்ஸ்பி என்பவர் முதல் உலக யுத்தத்தில் விமானப் படையில் இருந்துவிட்டு, ஸ்கார்பரோவில் மர வேலையும் மேஜை நாற்காலி செய்கிற தொழிலும் நடத்தியவர். 1931-ல் தமது முதல் கிளைடரைச் செய்தார். பிறகு தொழிற்சாலை அதே யார்க்ஷயரில் கர்க்பிமூர்சைடு என்ற ஊருக்குப் போயிற்று. டி.21 நாற்பதுகளில் பிறந்தது. ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனிக்கு 54 அடி. எடை 270 கிலோ அளவுதான். மரச் சட்டம், மெல்லிய பிளைவுட், மேலே துணி. நாற்காலிக்காரர் கையில் பிறந்தது என்பது பார்த்தவுடனே தெரிகிறது. மூடி கிடையாது. ஆசிரியரும் மாணவனும் பார்க் பெஞ்சில் உட்காருவதுபோல் அக்கம்பக்கமாக உட்கார வேண்டும். பிரிட்டிஷ் விமானப் படை இதற்குச் ‘செட்பர்க்’ என்று பெயர் வைத்து, பயிற்சி பெறும் சிறுவர்களுக்காக வாங்கிக்கொண்டது. 1980-களின் நடுவில் கண்ணாடி இழைக் கிளைடர்கள் வந்து இவற்றை வீட்டுக்கு அனுப்பும் வரையில் ஆயிரக்கணக்கான பையன்கள் முதன்முதல் ஆகாயத்தைப் பார்த்தது இந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான்.

அதற்கு முன்பெல்லாம் பயிற்சி வேறு மாதிரி. ஒற்றை ஆசனக் கிளைடரில் மாணவனைத் தனியாக உட்கார வைத்து, முதலில் தரையோடு தரையாக இழுப்பார்கள். அப்புறம் ஓர் ஆள் உயரம். அப்புறம் இன்னும் கொஞ்சம். ஆசிரியர் கீழே நின்று கத்துவார். நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு மேட்டில் நின்று கற்றுக் கொடுக்கிற நம் கிராமத்து முறைதான். டி.21 போன்ற இரட்டை ஆசனங்கள் வந்த பிறகு, கற்றுக் கொடுக்கிறவரும் கிணற்றுக்குள் இறங்கினார்.

நான் போனபோது அது விமானமாக இல்லை. நீண்ட கொட்டகை ஒன்றில் மரக் குதிரைகள்மேல் இரண்டு இறக்கைகள் எலும்பும் விலாவுமாகக் கிடந்தன. பல வருஷம் அது ஒரு மூடு வண்டியில், ஒழுகுகிற கூரைக்குக் கீழே இருந்திருக்கிறது. வலது இறக்கைக்குள் எலி கூடு கட்டிக் குடும்பம் நடத்தியிருந்தது. கூட்டைப் பிரித்தால் கம்பளி நூல், வைக்கோல், ஒரு பழைய பறப்பு விதிப் புத்தகத்தின் துணுக்குகள். எழுத்தாளர்களின் புத்தகங்களை எலி தின்பது எனக்குப் புதிதல்ல; சர்க்கார் விதிகளையும் விடுவதில்லை என்பதில் ஒரு திருப்தி. எலி கடிப்பதைவிட அதன் மூத்திரந்தான் மோசமாம். இரும்பு துருப்பிடிக்கும், பசை விட்டுப் போகும் என்றார்கள்.

சொன்னவர் அந்தக் கொட்டகையின் பெரியவர். எண்பத்திரண்டு வயது. தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். பதினாறாவது வயதில் இந்த ஜாதிக் கிளைடரில்தான் பறக்கக் கற்றுக்கொண்டாராம். கை கொஞ்சம் நடுங்கும். உளியை எடுத்தால் நடுக்கம் நின்றுவிடும். அவருக்கு எடுபிடியாகப் பதினைந்து வயதுப் பையன் ஒருவன். பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் வந்துவிடுவான். உப்புத்தாள் தேய்ப்பது, கூட்டுவது, டீ போடுவது எல்லாம் அவன். கிளைடர் தயாரானதும் முதல் மாணவன் நீதான் என்று யாரோ வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

கிளப்பின் பொருளாளருக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை. நல்ல மனிதர், கணக்கில் புலி. கிளப்பில் ஏற்கனவே கண்ணாடி இழைப் பயிற்சிக் கிளைடர் இருக்கிறது. மழையில் நனைந்தாலும் துடைத்துவிட்டுப் பறக்கலாம். இந்த மரத்துக்கு ஈரம் ஆகாது, வெயில் ஆகாது, கொட்டகையில் 54 அடி இடம் வேறு. இத்தனை பணமும் உழைப்பும் எதற்கு என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து கேட்பார். பெரியவர் ஒரே பதில்தான் சொல்லுவார்: “இதில் பக்கத்தில் உட்காரலாம்.”

புதிய கிளைடர்களில் ஒருவருக்குப் பின்னால் ஒருவர் உட்கார வேண்டும். ஆசிரியரின் குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். இதிலோ பையன் பயந்தால் ஆசிரியருக்கு முகம் தெரியும்; ஆசிரியர் பயப்படவில்லை என்பது பையனுக்குத் தெரியும். விமானம் கொஞ்சம் கோணலாகப் போனாலும், காற்று எந்தக் கன்னத்தில் அடிக்கிறது என்பதே சொல்லிவிடும். சபாக் கமிட்டிகளில் இருந்து பழகியவன் என்ற முறையில் என் அபிப்பிராயம்: கணக்குப்படி பொருளாளர் கட்சிதான் பலமானது. ஆனாலும் நான் பெரியவர் பக்கம் சேர்ந்தேன்.

எனக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசித்தார்கள். அறுக்கத் தெரியாது, இழைக்கத் தெரியாது. கடைசியில் பெரியவர், “இவர் எழுதுகிறவர். தேதி எழுதட்டும், துண்டை உடைக்கட்டும்” என்றார்.

இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும்.

மர விமானத்தில் ஆணிக்கு அதிக வேலை இல்லை. எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது பசை. ஒரு காலத்தில் பாலிலிருந்து எடுத்த கேசீன் பசையால் ஒட்டினார்கள். ஈரம் பட்டால் அதில் பூஞ்சை பிடிக்கும், பால்தானே! இரண்டாம் உலக யுத்த சமயத்தில் ரசாயனப் பிசின்கள் வந்தன. ஒரு முகத்தில் பிசினைத் தடவி, மறு முகத்தில் அமிலத்தைப் பூசி, இரண்டையும் சேர்த்து இறுக்குவார்கள். எறும்பு கடித்தால் எரிகிறதே, அதே ஃபார்மிக் அமிலம். பழைய பலகையையும் புதிய பலகையையும் விளிம்போடு விளிம்பாக வைத்து ஒட்டினால் நிற்காது. இரண்டையும் சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படிய வைக்க வேண்டும். பிளைவுட்டின் கனத்தைப்போல் பன்னிரண்டு பங்கு நீளத்துக்குச் சாய்வு. ஒன்றரை மில்லிமீட்டர் பலகைக்குப் பதினெட்டு மில்லிமீட்டர் சரிவு. அதைப் பெரியவர் கண்ணாலேயே சீவுவார்.

ஒட்டியாகிவிட்டது. உள்ளே பசை பிடித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெளியிலிருந்து பார்த்தால் நல்ல ஒட்டும் கெட்ட ஒட்டும் ஒன்றுதான். பிரித்துப் பார்த்தால் தெரியும். ஆனால் பிரித்த ஒட்டு யாருக்கு வேண்டும்? அதனால் ஓர் ஏற்பாடு. ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும், அதே பசையால் இரண்டு சிறு மரத்துண்டுகளையும் ஒட்டி, தேதியும் எந்த இடத்து ஒட்டு என்பதும் எழுதி வைத்துவிட வேண்டும். மறுநாளோ அதற்கு மறுநாளோ அதை இடுக்கியில் மாட்டி உடைத்துப் பார்க்க வேண்டும். பசை இருக்கிற இடத்தை விட்டு மரம் சிம்பு சிம்பாகப் பிய்ந்தால் ஒட்டு நல்லது. மரம் முறியாமல் இரண்டு துண்டும் வழவழவென்று தனித்தனியே வந்துவிட்டால், அந்தப் பசையால் அன்றைக்கு ஒட்டியது எதையும் நம்பக் கூடாது.

மரம்தான் முறிய வேண்டும்; பசை விடக் கூடாது. நான் உடைத்த துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். டிசம்பர் முழுவதும் மரம் முறிந்துகொண்டே இருந்தது. எனக்கு அதில் ஒரு பெருமை கூட வந்துவிட்டது.

ஜனவரியில் வலது இறக்கையின் முன் விளிம்பை மூடினார்கள். எலி குடியிருந்த இடம். இந்த முன் விளிம்பு வெறும் மூடி அல்ல. வளைந்த பிளைவுட்டும் அதன் பின்னாலிருக்கும் நீளச் சட்டமும் சேர்ந்து ஒரு குழாய்போல் ஆகின்றன. இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் காப்பது அந்தக் குழாய்தான். பலகையை ஈரமாக்கி வளைத்து, காய வைத்து, ஒட்டி, கிளாம்பு கிளாம்பாக இறுக்குவதற்கு மூன்று பேருக்கு ஒரு நாள் முழுவதும் பிடித்தது. அன்றிரவு கடுங்குளிர். ஒட்டின்மேல் மின்சாரக் கம்பளியைப் போர்த்தி விட்டு வீட்டுக்குப் போனோம்.

இரண்டு நாள் கழித்து அந்தத் துண்டை இடுக்கியில் மாட்டி ஒரு தட்டுத் தட்டினேன். சத்தமே இல்லாமல் இரண்டாக வந்துவிட்டது. இரண்டு முகமும் கண்ணாடி மாதிரி இருந்தன.

கொட்டகையில் அப்போது எல்லோரும் வேறு வேலையாக இருந்தார்கள். நான் இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். பிறகு கொண்டுபோய்ப் பெரியவரிடம் கொடுத்தேன்.

அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுப் பார்த்தார். பையன் ஓடி வந்தான். அவன் முகம் வெளுத்துப் போயிற்று. பிறகு அவனுக்கு ஒரு ஞாபகம் வந்தது. இறக்கைக்குக் கம்பளி போர்த்தினோம்; துண்டை ஜன்னல் கட்டையில் அல்லவா வைத்தோம்? அந்த ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. உறைகிற குளிரில் பசை இறுகாது. ஆகவே துண்டு கெட்டிருக்கலாம். இறக்கை கெட்டிருக்க வேண்டியதில்லை!

நியாயமான பேச்சு. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மாப்பிள்ளையும் ஒப்புக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு அங்கே இருந்த பொருளாளரும் ஒப்புக்கொண்டார். “நன்றாகத்தான் இருக்கும், விடுங்கள். இதைப் பிரித்தால் பலகைச் செலவு வேறு, வசந்த காலமும் போய்விடும்” என்றார். இத்தனை மாதத்தில் அவர் எங்கள் பக்கம் பேசியது அன்றுதான்.

பெரியவர் டீயைக் குடித்து முடித்தார். “இருக்கலாம்” என்றார். பிறகு என்னைச் சுட்டிக் காட்டி, “ஆனால் இந்தத் துண்டை விட்டுவிடுவதாக இருந்தால், நாளைக்கு இவர் அடுத்த துண்டை எதற்காக உடைக்க வேண்டும்?” என்று கேட்டுவிட்டு உளியை எடுத்தார்.

பிரிக்க நான்கு நாள் ஆயிற்று. பையன் முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் வந்து, பேசாமல் ஒரு ராவியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். பலகை முழுசாக வரவில்லை. நகம் நகமாக, பிய்த்துப் பிய்த்துத்தான் எடுக்க முடிந்தது. எடுத்த இடமெல்லாம் மர நார் பசையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதாவது, ஒட்டு நல்ல ஒட்டு! முதல் தரமான ஒட்டு. பையன் சொன்னதுதான் சரி.

நான் இதைக் கதையாக எழுதியிருந்தால் ஒட்டைக் கெடுத்திருப்பேன். கிழவர் சொன்னது பலித்தது, பையன் கண் கலங்கினான், பொருளாளர் மன்னிப்புக் கேட்டார் என்று முடித்தால்தான் பத்திரிகாசிரியருக்குப் பிடிக்கும். இங்கே யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பெரியவர் விரலால் அந்த நாரைத் தடவிப் பார்த்து, “நல்ல ஒட்டு” என்றார். வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை, சந்தோஷப்பட்டதாகவும் தெரியவில்லை. பையனிடம், “சட்டத்தைச் சுத்தமாக இழைத்து வை. சனிக்கிழமை புதுப் பலகை வருகிறது” என்றார். மூன்று வாரம் பின்தங்கிவிட்டோம். இந்தத் தடவை துண்டையும் கம்பளிக்கு அடியிலேயே வைத்தார்கள். ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டது, கேட்காமலே, பொருளாளர்.

மற்ற வேலைகள் சரசரவென்று நடந்தன. துணி போர்த்துவது நல்ல வேடிக்கை. முன்பு பருத்தி, லினன், இப்போது பாலியெஸ்டர். தளர்வாக ஒட்டிவிட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் மத்தளத் தோல்போல் இழுத்துக்கொள்கிறது. சூடு அதிகமானால் துணி மறுபடி தொய்ந்துவிடும். ஆகையால் பெட்டியை முதலில் தெர்மாமீட்டர் வைத்துச் சோதிக்க வேண்டும். அதன்மேல் ‘டோப்’ என்ற வார்னிஷ் பல பூச்சு. அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி, “வாழைப்பழம் வாங்கி வந்தீர்களா?” என்று கேட்டாள். அந்த வாசனை எனக்கும் பழநி அடிவாரத்தைத்தான் ஞாபகப்படுத்தியது. சீமைக்காரர்கள் பேரிக்காய் மிட்டாய் வாசனை என்கிறார்கள். அவரவர் சாப்பிட்டது அவரவருக்கு.

எல்லாம் முடிந்து எடை போட்டார்கள். பழைய ஏட்டில் இருந்ததைவிடச் சில கிலோ கூடியிருந்தது. வயதானால் யாருக்குத்தான் கூடவில்லை? ஆனால் அந்தக் கிலோக்களை உட்காருகிறவர்களின் எடையிலிருந்து கழித்துவிட வேண்டுமாம்.

மார்ச் மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். முப்பது, முப்பத்தைந்து வயதுப் பெண்மணி. இரண்டு நாள் இருந்து, சிறு கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்துக்கொண்டு இறக்கையின் ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் பார்த்தார். கம்பிகளை இழுத்துப் பார்த்தார். பெரியவர் பரீட்சை ஹாலில் நிற்கிற பையன்போல் கைகட்டி நின்றார். பிறகு அந்த அம்மாள், ஒட்டுத் துண்டுகள் எங்கே என்று கேட்டார். நான் பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்து கொடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் தேதியை ஏட்டோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், அந்தக் கண்ணாடித் துண்டில் நின்றார்.

“இது?”

“பிரித்து மறுபடி ஒட்டினோம்” என்றார் பெரியவர்.

அவர் அதற்கடுத்த துண்டை எடுத்தார். அதில் மரம் முறிந்திருந்தது. தலையசைத்துவிட்டு அதற்கும் அடுத்ததை எடுத்தார். ஒரு வார்த்தை பாராட்டு? கிடையாது. மறுநாள் சாயங்காலம் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் இரண்டாவது வாரம் ஒரு வெயில் நாளில் அதை வெளியே தள்ளிக்கொண்டு போனோம். முதலில் தலைமை ஆசிரியர் தனியாக, பக்கத்து ஆசனத்தில் மணல் மூட்டையோடு ஏறி இறங்கினார். பிறகு பெரியவர். பிறகு பையன்; அவன் மூன்று தடவை. நான்காவது ஆள் நான். விசா முடிய ஒன்பது நாள் இருந்தது. கெய்லியின் வண்டிக்காரரை நினைத்துக்கொண்டே ஏறினேன். கம்பளித் தொப்பி, கையுறை, பேரனுடைய மப்ளர்.

மைதானத்தின் கோடியில் இருக்கும் யந்திரம் வடத்தைச் சுற்றத் தொடங்கியதும், தரை சட்டென்று கீழே போயிற்று. ஒரு நிமிஷம்கூட ஆகியிராது. ஆயிரம் அடியில் வடத்தைக் கழற்றினார்கள். மௌனமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. இறக்கையைத் தாங்கும் கம்பங்களில் காற்று மெல்லச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தது. மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகந்தான். பஸ்ஸில் போகிற வேகம். எனக்கு முன்னால் இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்றில் பச்சை உருண்டை, மற்றதில் சிவப்பு. இறங்கினால் சிவப்பு எழும்பும், ஏறினால் பச்சை. ஓர் உழுத வயலுக்கு மேலே பச்சை எழும்பிற்று. ஆசிரியர் வட்டமடிக்க ஆரம்பித்தார். நான் தலையைத் திருப்பி வலது இறக்கையின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். எது பழைய பலகை, எது புதுப் பலகை என்று வர்ணத்துக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. பக்கத்திலிருந்த ஆசிரியர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

பதினொரு நிமிஷம். புல்லில் உரசிக்கொண்டு வந்து நின்றோம். பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு நடந்து வந்தார். நன்றாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று கேட்பார் என நினைத்தேன்.

“வலது பக்கத்திலிருந்து ஏதாவது சத்தம் வந்ததா?” என்று கேட்டார்.

“காற்றுச் சத்தந்தான்” என்றேன்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பொருளாளர் ஏற்கனவே தொப்பி போட்டுக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார்.